ஆயிலா, டிரையா, எந்த லெவல்? கட்டடத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

டிரான்ஸ்ஃபார்மரில் வீணாகும் மின்சாரத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்பு உள்ள கட்டடம் என்றால், காம்பவுண்டுக்குள் நீங்களே இடம் கொடுத்திருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்துடையது. மீட்டர் அதற்கு அப்புறம்தான் வருகிறது. இழப்பு வாரியத்தின் கணக்கு. எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பில் கதை வேறு. 11 கே.வி. (11,000 வோல்ட்) பக்கமே மீட்டர் உட்கார்ந்துவிடும். அதற்கு இந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மருக்குள் சூடாகி வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லில் ஏறும், அந்தப் பெட்டி இருக்கும் இருபது, இருபத்தைந்து வருடமும். அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி, ஹோட்டல், மால் கட்டுகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

இழப்பு இரண்டு வகை. ஒன்று, டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜ் ஆகியிருக்கும், அதாவது மின் இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம் அதன் கோரில் (உள்ளே இருக்கும் இரும்பில்) ஆகும் இழப்பு. கட்டடத்தில் ஒரு பல்பு எரியாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை எல்லாம் சேர்த்து 8,760 மணி நேரமும் ஆகும். ஆள் குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கிற வாடகை மாதிரி. நோ-லோடு லாஸ் என்பது இதுதான். இன்னொன்று வைண்டிங்கில் (கம்பிச் சுற்றில்) கரண்ட் ஓடும்போது ஆகும் லோடு லாஸ். இது கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும். பாதி லோடில் ஓடினால் கால் பங்குதான்.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதுதான் நம் ஊரில் வழக்கம். அதற்கு ஒரு காரணம் தரநிர்ணயமே. எண்ணெய் நிரப்பிய ஆயில் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 1180, 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் லெவல் 1, 2, 3 என்று மூன்று திறன் நிலைகளை வைத்தது. ஒவ்வொரு நிலைக்கும் 50 சதவீத லோடில் மொத்த இழப்பு இவ்வளவு, 100 சதவீத லோடில் இவ்வளவு என்று உச்சவரம்பு. நோ-லோடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்லை. பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு) தரும் ஸ்டார் லேபிளும் இதே மாதிரிதான் பார்க்கிறது.

1,000 கே.வி.ஏ. கொள்ளளவுள்ள 11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். லெவல் 1-க்கு வரம்பு பாதி லோடில் 3,000 வாட், முழு லோடில் 9,000 வாட். லெவல் 2-க்கு 2,790, 7,700. லெவல் 3-க்கு 2,620, 7,000. எண்ணெயே இல்லாத டிரை டைப்புக்கு ஈ.சி.பி.சி. 2017 என்ற எரிசக்தி சேமிப்புக் கட்டடக் குறியீடு வைத்த வரம்பு 4,500, 12,000.

இந்த இரண்டு எண்களிலிருந்து உள்ளே இருப்பதைப் பிரித்தெடுக்கப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். லெவல் 1-இல் நோ-லோடு லாஸோடு முழு லோடு லாஸைக் கூட்டினால் 9,000. நோ-லோடு லாஸோடு லோடு லாஸின் கால் பங்கைக் கூட்டினால் 3,000. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் முக்கால் பங்கு லோடு லாஸ் 6,000. அப்படியானால் லோடு லாஸ் 8,000, நோ-லோடு 1,000 வாட். இதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டால் லெவல் 2-க்கு நோ-லோடு சுமார் 1,150, லோடு 6,550. லெவல் 3-க்கு 1,160, 5,840. டிரைக்கு 2,000, 10,000.

லெவல் ஏற ஏற நோ-லோடு லாஸ் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே கொஞ்சம் கூடுகிறது! தயாரிப்பாளர் வரம்பைச் சரியாகத் தொட்டு நின்றால் இப்படி. வரம்புக்குக் கீழே அவர் எப்படி வேண்டுமானாலும் பங்கு பிரித்துக்கொள்ளலாம். ஒரே லெவல், ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் உங்கள் கட்டடத்தில் வேறு வேறு பில் தரும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

சரி, பணமாகப் பார்ப்போம். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். நோ-லோடில் ஒரு வாட் கூடினால் வருடத்துக்கு 8.76 யூனிட், ஏறத்தாழ 79 ரூபாய். லோடு லாஸில் ஒரு வாட் கூடினால் என்ன ஆகும் என்பது கட்டடத்தைப் பொறுத்தது. ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகம், வருடத்தில் 3,000 மணி நேரம் பாதி லோடு, மீதி நேரம் 10 சதவீதம் என்றால் வாட்டுக்கு 7 ரூபாய் சொச்சம்தான். இரவும் பகலும் 60 சதவீத லோடில் ஓடும் பெரிய மருத்துவமனை என்றால் 28 ரூபாய். அலுவலகத்துக்கு நோ-லோடு வாட் ஒன்று லோடு வாட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் கனம்; மருத்துவமனைக்கு மூன்று மடங்குகூட இல்லை.

வரம்பு எண்களை வைத்து வருட இழப்பைக் கணக்கிட்டால் இப்படி வருகிறது, யூனிட்டில்:

| 1,000 கே.வி.ஏ. | அலுவலகம் | மருத்துவமனை |
|---|---|---|
| ஆயில், லெவல் 1 | 15,200 | 34,000 |
| ஆயில், லெவல் 2 | 15,400 | 30,700 |
| ஆயில், லெவல் 3 | 14,900 | 28,600 |
| டிரை டைப் | 25,600 | 49,100 |

அலுவலகத்தில் லெவல் 1-லிருந்து 3-க்குப் போனால் மிச்சம் வருடத்துக்குச் சுமார் 3,000 ரூபாய். காண்ட்ராக்டர் ஆட்கள் ஒரு நாள் டீ, டிபன் சாப்பிட்டால் போய்விடும். லெவல் 2 ஒரு படி பின்னாலேயே இருக்கிறது. மருத்துவமனையில் அதே மாற்றம் வருடத்துக்கு 48,000 ரூபாய்க்கு மேல். ஆகவே "அதிக ஸ்டார் உள்ளதை வாங்குங்கள்" என்று பொதுவாகச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. நாள் முழுக்க நல்ல லோடு ஓடும் கட்டடத்துக்கு லெவல் 3-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு திரும்ப வரும். பகலில் மட்டும் ஓடும் கட்டடத்துக்கு லெவலைத் துரத்துவதைவிட, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச லெவலுக்குள் நோ-லோடு குறைவான டிசைனைத் தேடுவது மேல். மாடியில் சோலார் போடும் திட்டம் இருந்தால் இது இன்னும் பொருந்தும். பகல் லோடைச் சோலார் எடுத்துக்கொண்டால் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போகும் கரண்ட் குறையும், கோர் மட்டும் எப்போதும்போல் தின்றுகொண்டே இருக்கும்.

அட்டவணையில் உண்மையிலேயே பெரிய இடைவெளி ஆயிலுக்கும் டிரைக்கும் நடுவில்தான். அலுவலகத்தில் 10,000 யூனிட், 90,000 ரூபாய்க்குமேல், ஒவ்வொரு வருடமும். காரணம் எளிது. ஆயில் நல்ல இன்சுலேஷன்; வைண்டிங்கையும் கோரையும் நெருக்கி வைக்கலாம். டிரை டைப்பில் ரெசினும் காற்றும்தான் இன்சுலேஷன், அதனால் இடைவெளி கூட விட வேண்டும், கோர் பெரிதாகும், இரும்பு கூடினால் நோ-லோடு கூடும். வைண்டிங் சூடாக ஓடுவதால் அதன் மின்தடையும் கூடுதல்.

அப்படியென்றால் ஏன் எல்லாரும் டிரை வாங்குகிறார்கள்? தீ. மினரல் ஆயில் எரியும். குடியிருப்பு, வணிகக் கட்டடத்துக்குள்ளே வைப்பதென்றால் டிரை டைப்தான் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010 முதலே சொல்லி வந்தது. பேஸ்மெண்டில் வைக்க வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் முடிவு செய்துவிட்டால் அதற்குமேல் எலக்ட்ரிகல் ஆள் பேச ஒன்றும் இல்லை. எனக்குள்ள மனக்குறையே இதுதான்: பிளானில் கார் பார்க்கிங்கின் ஒரு மூலையில் "டிரான்ஸ்ஃபார்மர் ரூம்" என்று ஒரு கட்டம் போட்டபோதே வருடத்துக்கு 90,000 ரூபாய் முடிவு எடுத்தாகிவிட்டது. அப்போது எங்களை யாரும் கூப்பிடுவதில்லை.

ஆனால் வெளியே கொண்டுபோய் வைத்தால் மட்டும் ஜெயித்துவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. 1,000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் 433 வோல்ட் பக்கம் முழு லோடில் 1,333 ஆம்பியர் வரும். காம்பவுண்ட் ஓரத்தில் டிரான்ஸ்ஃபார்மர், கட்டடத்தின் நடுவில் மெயின் பேனல், இடையில் 50 மீட்டர் கூடுதல் கேபிள் என்று வையுங்கள். 400 சதுர மி.மீ. அலுமினியக் கேபிள் ஐந்து ரன் (இணையாக ஐந்து) இழுத்தால், முழு லோடில் அந்த 50 மீட்டரில் மட்டும் போவது 4.8 கிலோவாட் அளவில் இருக்கும். அலுவலகத்துக்கு வருடம் 3,900 யூனிட் போல. அதைக் கழித்தாலும் ஆயில் 6,000 யூனிட்டுக்கு மேல் முன்னே நிற்கிறது. மருத்துவமனைக்குப் பாருங்கள்: கேபிளில் 15,000 யூனிட் போய்விடும். லெவல் 2 ஆயிலுக்கும் டிரைக்கும் உள்ள வித்தியாசமே 18,000 தான். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கேபிளே தின்றுவிட்டது. 11 கே.வி. பக்கம் கேபிளை நீட்டி, டிரான்ஸ்ஃபார்மரைப் பேனலுக்கு ஒட்டிக் கொண்டுவருவது எப்போதும் நல்லது. அந்தப் பக்கம் அதே சக்திக்கு 53 ஆம்பியர்தான்.

பேஸ்மெண்டுக்கு இன்னொரு செலவும் உண்டு. அலுவலகத்தின் பகல் நேர லோடிலேயே டிரை டிரான்ஸ்ஃபார்மர் நாலரை கிலோவாட் ஹீட்டர் மாதிரி அந்த அறையைச் சூடாக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேன், சில இடங்களில் ஏ.சி.யே. வெளியில் நிற்கும் ஆயில் டாங்குக்குக் காற்று இலவசம்.

அப்புறம் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை பேஸ்மெண்டுகள் நிரம்பின என்று பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கட்டுகிறவர் பேஸ்மெண்டில் டிரை வைப்பதாகச் சொன்னால் நான் முதலில் ஃப்ளட் லெவலைத்தான் கேட்பேன். நனைந்த டிரை டிரான்ஸ்ஃபார்மரைக் காயவைத்து, இன்சுலேஷன் பார்த்து, திருப்தியாக இருந்தால்தான் சார்ஜ் பண்ண முடியும். அதுவரை முழுக் கட்டடமும் ஜெனரேட்டரில். கிரவுண்ட் ஃப்ளோரிலோ பொடியத்திலோ மேடையில் ஏற்றி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கடற்கரை ஓரம் என்றால் வெளியில் நிற்கும் டாங்குக்கு உப்புக் காற்று எதிரி. பெயிண்ட் ஸ்பெசிஃபிகேஷனில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: தாவர எண்ணெயிலிருந்து செய்த எஸ்டர் ஊற்றிய டிரான்ஸ்ஃபார்மர். மினரல் ஆயில் 170 டிகிரி அளவிலேயே தொடர்ந்து எரியத் தொடங்கும். எஸ்டருக்கு அது 300 டிகிரிக்கு மேல். இழப்பு ஆயில் டிரான்ஸ்ஃபார்மர் அளவுதான், டிரை அளவு இல்லை. எண்ணெய் விலை பல மடங்கு. கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் ரேடியேட்டரும் சற்றுப் பெரிதாக வேண்டும். கட்டடத்தை ஒட்டி, ஆனால் வெளியில் வைக்கும் இடங்களுக்கு எனக்குப் பிடித்த தேர்வு இதுதான். கட்டடத்துக்குள் வைக்கலாமா என்பதை விற்பனையாளர் வாய்வார்த்தையை நம்பி முடிவு செய்யாதீர்கள். பிளான் நிலையிலேயே மின் ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கடைசியில் சேஃப்டி சர்ட்டிஃபிகேட் கொடுக்கப்போவது அவர்கள்தான்.

கோர் விஷயத்துக்கு வருவோம். சாதாரணமாக வருவது சி.ஆர்.ஜி.ஓ. சிலிக்கன் ஸ்டீல், கால் மில்லிமீட்டர் தடிமன் தகடு. அமார்ஃபஸ் கோர் என்பது அதில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள, கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாத அணு அமைப்புக் கொண்ட உலோக ரிப்பன். நோ-லோடு லாஸ் சி.ஆர்.ஜி.ஓ.வில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். நம் 1,000 கே.வி.ஏ.வுக்கு 1,160 வாட் 400 ஆகக் குறைந்தது என்று வைத்தால் வருடத்துக்கு 6,600 யூனிட், சுமார் 60,000 ரூபாய் மிச்சம். லெவல் 1-லிருந்து 3-க்குப் போய் அலுவலகத்தில் கிடைத்த 3,000 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! ஞாயிறும் இரவும் காலியாகக் கிடக்கும் கட்டடங்கள், கல்லூரிகள், கல்யாண மண்டபங்கள் எல்லாம் அமார்ஃபஸுக்காகவே பிறந்தவை.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் இல்லை? இந்த ரிப்பன் தாங்கும் காந்தப்புலம் குறைவு, 1.56 டெஸ்லாவில் நிரம்பிவிடும், சி.ஆர்.ஜி.ஓ. 2 டெஸ்லா வரை போகும். அதனால் கோர் பெரிதாகி, டாங்கும் எடையும் கூடுகின்றன. ரிப்பன் எளிதில் உடையும், சத்தமும் சற்று அதிகம். விலை கூடுதல். நம் நாட்டில் இது பெரும்பாலும் சிறிய விநியோக டிரான்ஸ்ஃபார்மர்களில்தான் பழக்கம், 1,000 கே.வி.ஏ. கேட்டால் சில தயாரிப்பாளர்களே கொட்டேஷன் தருவார்கள், டெலிவரியும் இழுக்கும். டெண்டரில் ஒரு மாற்று விலையாகவாவது கேட்டு வையுங்கள். கேட்காவிட்டால் யாரும் தானாகத் தரமாட்டார்கள்.

காப்பரா அலுமினியமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: இழப்பு வாட் எண்ணை ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டுவிட்டால் எது என்றாலும் பில் ஒன்றுதான். அலுமினியத்தின் மின்தடை காப்பரைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல், அதனால் அதே இழப்புக்கு வைண்டிங் பெரிதாகும். இடம் நெருக்கடி இருந்தால் காப்பர். பழசாகி விற்கும்போது காப்பருக்கு நல்ல விலை கிடைக்கும், அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

அளவுதான் இன்னும் பெரிய பிசகு. கனெக்டட் லோடு எல்லாவற்றையும் கூட்டி, டைவர்சிட்டி (எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பது) பார்க்காமல், "ஃப்யூச்சருக்கு" என்று ஒரு 30 சதவீதம் ஏற்றி 1,600 கே.வி.ஏ. வாங்குகிறார்கள். கட்டடம் ஓடத் தொடங்கிய பிறகு எச்.டி. பில்லில் மாக்ஸிமம் டிமாண்ட் (இழுத்த உச்ச லோடு) 500 கே.வி.ஏ.வைத் தாண்டாது. பெரிய கோர், பெரிய நோ-லோடு, வருடம் முழுக்க. ஏற்கெனவே ஓடும் அதே மாதிரிக் கட்டடங்களின் ஒரு வருட பில்லை வாங்கிப் பார்ப்பது எந்த டைவர்சிட்டி அட்டவணையையும்விட நம்பகமானது.

ஒரு 1,000-க்குப் பதிலாக இரண்டு 500 வாங்கலாமா என்றும் கேட்பார்கள். லெவல் 2-இல் 500 கே.வி.ஏ.வுக்கு வரம்பு 1,510, 4,300. பிரித்தால் நோ-லோடு 580, லோடு 3,720. இரண்டின் நோ-லோடு சேர்ந்து ஒரு 1,000-க்குச் சமம். லோடு லாஸ் கூடுதல். ஆக இரண்டையும் ஓடவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் நஷ்டம்தான். 300 கே.வி.ஏ. லோடில் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதில் எல்லாவற்றையும் ஏற்றினாலும் 1,900 வாட் போகிறது. ஒரே 1,000-இல் 1,740. இரவில் லோடு 100 கே.வி.ஏ.க்கு இறங்கும்போது மட்டும் அணைப்பது 490 வாட் மிச்சம் தரும். அதற்காக 11 கே.வி. பிரேக்கரைத் தினமும் இரவு திறந்து காலையில் போட யார் இருக்கிறார்கள்? ஒன்று பழுதானால் மற்றது இருக்கும் என்பதற்காக இரண்டு வாங்குங்கள், மருத்துவமனைக்கு அது நியாயமான காரணம். மின்சாரம் மிச்சமாகும் என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.

எல்.இ.டி., யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் ஏ.சி. நிறைய உள்ள கட்டடம் என்றால் ஹார்மோனிக்ஸ் (கரண்ட்டின் அலைவடிவம் கோணலாவது) லோடு லாஸை மேலும் ஏற்றும். அந்த லோடின் விவரத்தை டிசைனருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

கொட்டேஷன் வந்ததும் விலையை மட்டும் பார்த்து எல்-1-க்கு, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு, கொடுப்பதை நிறுத்த ஒரு சூத்திரம் போதும். 20 வருடம், 10 சதவீத வட்டி என்று எடுத்தால் வருடத்துக்கு 1 ரூபாய் செலவின் இன்றைய மதிப்பு 8.5 ரூபாய். அலுவலகத்தில் நோ-லோடு வாட் ஒன்றுக்கு 79 பெருக்கல் 8.5, அதாவது 670 ரூபாய். லோடு வாட்டுக்கு 62 ரூபாய். மருத்துவமனையில் லோடு வாட்டுக்கு 240. கொட்டேஷன் விலையோடு இந்த இரண்டையும் அவர் சொன்ன வாட்டால் பெருக்கிக் கூட்டினால் வருவதுதான் உண்மை விலை. ஒருவர் 1,150 வாட் நோ-லோடு, 6,550 வாட் லோடு என்று தருகிறார். இன்னொருவர் 950, 6,750. இரண்டும் முழு லோடில் 7,700, இரண்டும் லெவல் 2. அலுவலகத்துக்கு இரண்டாமவர் 1.2 லட்சம் ரூபாய் வரை கூடுதல் விலை சொன்னாலும் அவரிடம் வாங்குவதே லாபம். டெண்டரிலேயே 670-ஐயும் 62-ஐயும் எழுதிவிட்டால் தயாரிப்பாளர்களே கோரில் இரும்பைக் கூட்டி, ஃப்ளக்ஸைக் குறைத்து, உங்கள் கட்டடத்துக்கு ஏற்ற டிசைனோடு வருவார்கள்.

பர்சேஸ் ஆர்டரில் மூன்று வரி தவறாமல் இருக்க வேண்டும். நோ-லோடும் லோடும் தனித்தனி வாட் எண்ணாக. லோடு லாஸ் எந்த வெப்பநிலைக்கு என்று: ஆயிலுக்கு 75 டிகிரி, எஃப் கிளாஸ் இன்சுலேஷன் உள்ள டிரைக்கு 120 டிகிரி வழக்கம், டிரை விற்பவர் 75 டிகிரிக்கான எண்ணைக் கொடுத்தால் இழப்பு குறைவாகத் தெரியும். மூன்றாவது, பிளஸ் டாலரன்ஸ் (சொன்ன எண்ணைத் தாண்டச் சலுகை) கிடையாது என்பது. ஆயிலுக்கு ஐ.எஸ். 1180 வரம்பே உச்சம், ஆனால் டிரைக்கு டாலரன்ஸ் என்ற பெயரில் மொத்த இழப்பில் 10 சதவீதம் வரை நழுவ இடம் இருக்கிறது. ஃபேக்டரியில் நோ-லோடையும் லோடு லாஸையும் அளக்கும் ஓப்பன் சர்க்யூட், ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட் நடக்கும் நாளில் உங்கள் ஆள் ஒருவர் அங்கே இருக்கட்டும். அளந்த வாட் சொன்னதைவிடக் கூடினால், கூடின ஒவ்வொரு வாட்டுக்கும் அதே 670, 62 கணக்கில் பில்லிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று ஆர்டரில் எழுதியிருந்தால், டெஸ்ட் ரிப்போர்ட் கையெழுத்தாகும் முன்பே பேச்சு முடிந்துவிடும்.